ஏடிஎச்டி மதிப்பீட்டுக்கு வருடக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள்: இங்கிலாந்துத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடமேற்கு லண்டனில் ஒரு தொடக்கப் பள்ளியில் பதினொரு வருடமாக வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். வைத்தியர் இல்லை. என் மூத்த மகன் ஏடிஎச்டி மதிப்பீட்டுக்காக இரண்டு வருடமும் ஏழு மாதமும் காத்திருந்தான். இந்த விஷயத்தில் நான் படித்த படிப்பு அதுதான். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வாசலில், பிள்ளைகள் உள்ளே எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில், தாய்மாரும் (குரலைத் தாழ்த்திக்கொண்டு தகப்பன்மாரும்) கேட்ட கேள்விகளை இங்கே கோத்திருக்கிறேன். சட்டமும் நடைமுறையும் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள் பொருந்தாது.

ஏடிஎச்டி என்பது குழப்படிக்கு வெள்ளைக்காரர் வைத்த பெயர்தானே?

இல்லை. குழப்படி செய்யாத பிள்ளை உலகத்தில் இல்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் வைத்திருப்பது, மனதில் தோன்றியதைச் செய்யுமுன் ஒரு கணம் தயங்குவது, உடம்பை அடக்கி உட்காருவது ஆகியவை வயதுக்கேற்ற அளவில் கைகூடாமல் இருப்பதுதான் ஏடிஎச்டி. சிலருக்கு முதலாவது மட்டும் கைகூடாது. அவர்கள் சத்தமே போட மாட்டார்கள். நோயறியும் அளவுகோல் கறாரானது. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு பள்ளிக்கூடம் போல இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும், அன்றாட வாழ்க்கையை உண்மையாகவே குலைக்க வேண்டும். நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்து பேருக்கு இது இருக்கிறது.

சீனி சாப்பிட்டதால் வருவதில்லை. தாய் வேலைக்குப் போனதால் வருவதில்லை. இரண்டு மொழி பேசுவதாலும் வருவதில்லை. பரம்பரைப் பங்கு மிகப் பெரியது. பிள்ளைக்காக அந்தப் படிவங்களை நிரப்பும்போது தகப்பன் திடீரென்று பேச்சை நிறுத்திவிடுவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஒரு மூளைப் படப்பிடிப்பு ஆய்வு எனக்கு நிறைய உதவியது. மூளையின் மேற்புறணி தன் முழுத் தடிப்பை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்கு நடுவளவில் ஏழரை, ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளுக்குப் பத்தரை என்று அதில் தெரிந்தது. வளர்ச்சியின் ஒழுங்கு அதேதான், காலம் மட்டும் பிந்துகிறது. ஒன்பது வயது மகனிடம் ஆறு வயதுப் பிள்ளைக்குரிய பொறுமையை எதிர்பார்க்கத் தொடங்கிய நாளில் எங்கள் வீட்டுச் சண்டையில் பாதி ஓய்ந்தது.

வரிசை உண்மையில் எவ்வளவு நீளம்?

அரச சுகாதார சேவையான என்எச்எஸ் இங்கிலாந்து 2025 மே மாதத்தில் முதன்முறையாக ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அந்த மார்ச் மாத முடிவில் ஏறத்தாழ 549,000 பேர் ஏடிஎச்டி மதிப்பீட்டுக்குக் காத்திருந்தார்கள். அவர்களில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரு வருடத்தைத் தாண்டியவர்கள். ஒரு இலட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இரண்டு வருடத்தைத் தாண்டியவர்கள். பெரியவர்களும் இதில் அடக்கம் என்றாலும், பெரும்பாலானோர் 5 முதல் 24 வயது வரையானவர்கள். பேராசிரியர் அனிதா தாப்பர் தலைமையில் 2024-இல் ஒரு பணிக்குழுவும் அமைத்தார்கள்.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஏடிஎச்டி பற்றிய அறிவு பரவியதால் கேட்டு வருவோர் கூடினார்கள்; பார்க்கக்கூடிய நிபுணர்கள் அந்த வேகத்தில் கூடவில்லை. சமூகக் குழந்தை வைத்தியர்களும் காம்ஸ் எனப்படும் சிறுவர் மனநலப் பிரிவினரும்தான் பெரும்பாலும் இதைச் செய்கிறார்கள். அவர்கள் மேசையில் இது மட்டும் இல்லை.

ஒரு வருடம் இரண்டு வருடம் பிந்தினால் பிள்ளைக்கு அப்படி என்ன ஆகிவிடும்?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

காது கேளாத பிள்ளை கருவிக்காகக் காத்திருந்தால் எல்லோரும் இரங்குவார்கள். ஏடிஎச்டி பிள்ளை காத்திருக்கும்போது யாரும் இரங்குவதில்லை. ஏனென்றால் காத்திருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. தெரிவதெல்லாம் சொல் கேட்காதவன், சோம்பேறி, மற்றவனை இடிப்பவன். கடிதம் வரும் வரைக்கும் இந்தப் பெயர்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். என் மகனின் இரண்டாம் ஆண்டு வகுப்பில் சுவரில் சூரியன், முகில், இடி என்று மூன்று படங்கள் ஒட்டியிருந்தார்கள். காலையில் எல்லாப் பெயர்களும் சூரியனில் தொடங்கும். பத்தரை மணி இடைவேளைக்குள் இவன் பெயர் முகிலுக்கு வந்துவிடும். ஏழு வயதில் ஒரு நாள் கேட்டான், "அம்மா, எனக்கு மட்டும் ஏன் அந்த முகில்?" ஆசிரியை நல்லவர். அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. ஆனால் இரண்டு வருடம் ஒவ்வொரு நாளும் முப்பது பேர் முன்னால் தன் பெயர் கீழே இறங்குவதைப் பார்த்த பிள்ளைக்குத் தன்னைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உருவாகிவிடுகிறது. மாத்திரை கவனத்தைத் திருத்தும். அந்த அபிப்பிராயத்தைத் தொடாது. பின்னர் நோயின் பெயர் தெரிந்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவனுக்கு அந்தப் பழைய பெயர்களைக் கழற்ற இன்னொரு இரண்டு வருடம் எடுத்தது.

படிப்பில் விழும் ஓட்டை வேறு விதம். தொடக்க வகுப்புகளில் வாசிப்பும் கணக்கும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. எழுத்தொலிகளை முதலாம் ஆண்டில் நழுவவிட்ட பிள்ளை மூன்றாம் ஆண்டில் பந்தி வாசிக்க முடியாமல் நிற்கும். நான்காம் ஆண்டில் பெருக்கல் வாய்பாட்டுச் சோதனை ஒன்று இருக்கிறது: 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு விநாடி. வாய்பாடு முழுக்கத் தெரிந்த பிள்ளையும் ஆறாவது விநாடியில் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் பூச்சியம்தான். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? இன்னொரு ரியூசன் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே ஆறு மணி நேரம் தன்னை அடக்கிக் களைத்துப்போன பிள்ளையை மாலையில் இன்னும் இரண்டு மணி நேரம் கதிரையில் இருத்துகிறார்கள்.

நண்பர்கள் கழன்றுபோவதைப் பெற்றோர் கடைசியாகத்தான் கவனிப்பார்கள். வரிசையை மீறுகிறான், விளையாட்டின் விதியை நடுவில் மாற்றுகிறான், பேச்சுக்குள் பாய்கிறான். ஆறு வயதில் மற்றப் பிள்ளைகள் பொறுப்பார்கள், ஒன்பது வயதில் பொறுக்க மாட்டார்கள். பிறந்தநாள் அழைப்புகள் ஓசையில்லாமல் நின்றுபோகும்.

வீட்டுக்குள்ளும் பிரச்சினை தீராது. தாய் கடினமாகப் பேசுவதாகத் தகப்பன் சொல்வார், தகப்பன் செல்லம் கொடுப்பதாகத் தாய் சொல்வார். பெயர் தெரியாத ஒன்றுக்காகக் குற்றவாளி தேடும் வேலை அது. தங்கையோ தம்பியோ "நல்ல பிள்ளை" வேடம் ஏற்று, தன் துன்பத்தைச் சொல்லாமல் விழுங்கப் பழகிவிடும். எங்கள் வீட்டில் அது நடந்தது. இளையவளிடம் நான் இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

பதின்ம வயது வந்துவிட்டால் பதற்றமும் மனச்சோர்வும் சேரும், அல்லது பள்ளிக்கூடத்திலிருந்து இடைநிறுத்தம். மூலக் காரணம் தெரியாமல் பதற்றத்துக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் அது பாதிதான் பலிக்கும். விபத்துகளையும் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் 1981 முதல் 2011 வரை பிறந்த 19 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவேடுகளை வைத்து 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஏடிஎச்டி உள்ளவர்கள் இளவயதில் இறக்கும் வீதம் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. காரணங்களில் விபத்து முதலிடம். 18 வயதுக்குப் பிறகே நோயறியப்பட்டவர்களிடம் அது நான்கு மடங்கைத் தாண்டியது. பயந்துவிடாதீர்கள்: மொத்த எண்ணிக்கை மிகச் சிறியது, பிந்திக் கண்டறியப்பட்டவர்களுக்கு வேறு சிக்கல்களும் கூடுதலாக இருந்திருக்கலாம், பிந்தியது மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனாலும் "இருக்கட்டும், பார்ப்போம்" என்பவர்களுக்கு நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை.

எங்கள் மகள் அமைதியானவள், சொன்னதைக் கேட்பாள். ஆசிரியை ஏன் ஏடிஎச்டி என்கிறார்?

அந்த ஆசிரியைக்கு நன்றி சொல்லுங்கள். பெண் பிள்ளைகளில் இது தவறவிடப்படுகிறது என்று, வைத்தியர்களுக்கு வழிகாட்டிகள் வெளியிடும் நைஸ் நிறுவனத்தின் 2018 வழிகாட்டியே எச்சரிக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை ஓடாது, கத்தாது, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வேறு எங்கோ இருக்கும். தலையாட்டும், கேட்டிருக்காது. ஒரு மணி நேர வீட்டுப்பாடத்துக்கு நான்கு மணி நேரம் எடுத்து, அழுது முடிக்கும். அடக்கமான பெண் என்று நாம் மெச்சுவதற்குள் பல வருடம் போய்விடும். மேல்நிலைப் பள்ளியில் பத்துப் பாடம், பத்து ஆசிரியர், பத்துக் கெடு என்று வந்ததும் எல்லாம் ஒருசேரச் சரியும். அப்போது கூட முதலில் எழுதப்படுவது "பதற்றம்" என்றுதான்.

"வளர வளரச் சரியாகும், இவனுடைய அப்பாவும் இப்படித்தான் இருந்தான்" என்கிறார் அம்மம்மா. காத்திருந்து பார்க்கலாமா?

அம்மம்மாவின் சாட்சியம் முக்கியமானது, மதிப்பீட்டுக்குப் போகும்போது மறக்காமல் சொல்லுங்கள். பரம்பரைச் செய்தி அதில் இருக்கிறது.

ஓடித்திரியும் துடிப்பு வயதோடு தணிவது உண்மை. கவனச் சிதறலும் ஒழுங்கின்மையும் பலருக்குப் பெரியவர்களான பின்பும் தொடர்கின்றன. நைஸ் வழிகாட்டியும் சற்றுப் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறது. எவ்வளவு காலம் தெரியுமா? அதிகபட்சம் பத்து வாரம். பத்து வருடம் இல்லை.

தாமதத்துக்கு அரசாங்கம் மட்டும்தான் காரணமா?

மனம் வருந்தினாலும் எழுதுகிறேன்: வரிசையில் சேருவதற்கு முன்பே நாங்கள் தொலைக்கும் காலம் பெரியது. பள்ளிக்கூடம் முதன்முதலில் கதைத்தபோது நான் எட்டு மாதம் ஒன்றும் செய்யவில்லை. நாவூறு கழித்தேன், கோயிலில் அருச்சனை செய்தேன், டிவி இணைப்பைத் துண்டித்தேன். ஊரில் இருந்து அண்ணா தொலைபேசியில், "எங்களுக்கெல்லாம் வாத்தியாரின் பிரம்புதான் வைத்தியம்" என்று சிரித்தார். எட்டு மாதம் கழித்து ஜிபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) போனபோதுதான் வரிசையே தொடங்கியது. இங்கே ஆசியப் பின்னணிப் பிள்ளைகளிடம் ஏடிஎச்டி பதிவாகும் வீதம் வெள்ளைப் பிள்ளைகளைவிடக் குறைவு. நம் பிள்ளைகளுக்கு அது குறைவாக வருகிறது என்று நான் நம்பவில்லை.

பள்ளிக்கூடங்களும் நம் பிள்ளைகள் விஷயத்தில் ஒரு பிழை விடுகின்றன. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை அறிவுறுத்தலைப் பின்பற்றாவிட்டால், "ஆங்கிலம் இரண்டாம் மொழி, பழகட்டும்" என்று விட்டுவிடுவார்கள். நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: தமிழில் சொன்னால் செய்கிறானா? வீட்டில் தமிழில் மூன்று வேலை சொல்லி முதலாவதிலேயே தொலைந்துபோகிறான் என்றால் அது மொழிச் சிக்கல் அல்ல. அதை எழுத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள்.

போரில் இருந்து தப்பி வந்த குடும்பங்களில் இன்னொரு முடிச்சு உண்டு. நித்திரையின்மை, திடுக்கிடுதல், எரிச்சல் ஆகியவை பெற்றோரிடமும் இருக்கும்போது பிள்ளையின் நடத்தையை அதன் எதிரொலி என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எதிரொலியாகவும் இருக்கலாம். ஏடிஎச்டியாகவும் இருக்கலாம். இரண்டுமாகவும் இருக்கலாம். பிரித்தறிவது நிபுணரின் வேலை, அதனால்தான் அவரிடம் போக வேண்டும்.

நோயறிதல் கடிதம் இல்லாமல் உதவி செய்ய முடியாது என்று பள்ளிக்கூடம் சொல்கிறது. உண்மையா?

உண்மை இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

2014-ஆம் ஆண்டின் பிள்ளைகள் மற்றும் குடும்பங்கள் சட்டம் பிள்ளையின் தேவையைப் பார்க்கிறது, கடிதத்தைப் பார்க்கவில்லை. கற்பதில் மற்றவர்களைவிடக் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைக்கு அந்த உதவியைப் பள்ளிக்கூடம் ஒழுங்குசெய்ய வேண்டும். 2010 சமத்துவச் சட்டமும் அப்படித்தான்: ஒரு குறைபாடு அன்றாட வாழ்க்கையைக் கணிசமாகப் பாதித்து, 12 மாதமோ அதற்கு மேலோ நீடிக்குமென்றால், பெயர் சூட்டப்படாவிட்டாலும் பள்ளிக்கூடம் தகுந்த மாற்றங்களைச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் சென்கோ என்ற பொறுப்பாசிரியர் இருக்கிறார். வகுப்பு ஆசிரியரோடு வாசலில் நின்று கதைப்பதை விட்டுவிட்டு, சென்கோவைச் சந்திக்க நேரம் கேட்டு மின்னஞ்சல் எழுதுங்கள். வாசலில் கதைத்தது காற்றோடு போகும், மின்னஞ்சல் நிற்கும்.

கேட்கக்கூடியவை சின்னச் சின்ன விஷயங்கள். யன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி, ஆசிரியருக்கு அருகே இடம். ஒரே நேரத்தில் ஒரே அறிவுறுத்தல், அதுவும் பலகையில் எழுதி. நீண்ட பாடத்தின் நடுவே எழுந்து நடக்க ஒரு சாக்கு. வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுக்கும் வேலையை என் வகுப்புப் பையன் ஒருவனுக்குக் கொடுத்தோம், அவன் அதை அரச பதவி போல நடத்தினான். இடைவேளையைப் பறிக்கும் தண்டனையை நிறுத்தச் சொல்லிக் கண்டிப்பாகக் கேளுங்கள். ஓடவேண்டிய பிள்ளையின் ஓட்டத்தைப் பறித்துவிட்டு, பிற்பகலில் அமைதியாக இரு என்றால் எப்படி இருப்பான்? 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சைகளில் இடையில் ஓய்வு கொடுப்பதையும் தேவையின் அடிப்படையில் பள்ளிக்கூடமே ஒழுங்குசெய்யலாம்.

இவை போதாவிட்டால் இஎச்சிபி எனப்படும் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீட்டை உள்ளூராட்சியிடம் பெற்றோரே நேரடியாகக் கேட்கலாம். மதிப்பிடுவதா இல்லையா என்பதை ஆறு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். முழு நடைமுறைக்கும் 20 வாரம் எல்லை. பல இடங்களில் கெடு தவறுகிறது, மறுத்தால் மேன்முறையீடு உண்டு. டிஎல்ஏ எனப்படும், குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான அரச கொடுப்பனவுக்கும் நோயறிதல் கட்டாயம் இல்லை. இதை எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. யாரும் முதலில் நம்புவதில்லை.

காத்திருக்கும் காலத்தில் வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் காதையும் கண்ணையும் சோதியுங்கள். நித்திரையைக் கவனியுங்கள், இரவில் பெரிதாகக் குறட்டை விட்டு மூச்சுத் திணறும் பிள்ளை பகலில் ஏடிஎச்டி பிள்ளை போலவே நடக்கும். சில விநாடிகள் வெறித்துப் பார்த்து உறைந்துபோவதைக் கண்டால் ஜிபியிடம் சொல்லுங்கள், அது ஒருவகை வலிப்பாகவும் இருக்கலாம்.

ஏடிஎச்டி பெற்றோருக்கான குழுப் பயிற்சியை நோயறிதலுக்குக் காத்திராமல் கொடுக்கலாம் என்று நைஸ் சொல்கிறது. ஜிபியிடமோ உள்ளூராட்சியின் குடும்ப மையத்திலோ கேளுங்கள். "எனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாதென்று அனுப்புகிறார்களா?" என்று நானும் கோபப்பட்டேன். போய்ப் பார்த்தபின் கோபம் போய்விட்டது. அங்கே கற்றதில் இன்றுவரை நிற்பது ஒன்று: ஏடிஎச்டி பிள்ளைக்கு அடுத்த சனிக்கிழமைப் பரிசு என்பது அடுத்த ஜென்மத்துப் பரிசு மாதிரி. பல்லுத் தீட்டினால் அந்த நிமிடமே ஒரு வார்த்தை, அந்த நிமிடமே ஒரு ஒட்டுப்படம். காலை வேலைகளைப் படமாக வரைந்து குளியலறைக் கதவில் ஒட்டினோம். பத்து முறை கத்துவது மூன்று முறையாகக் குறைந்தது. மூன்று முறை இன்னமும் கத்துகிறேன்.

மாலையில் சாப்பாட்டுக்கு முன் ஓடவிடுங்கள். வீட்டுப்பாடத்தைப் பதினைந்து நிமிடத் துண்டாக்குங்கள்.

பணம் கட்டித் தனியாரிடம் போகலாமா? ரைட் டு சூஸ் என்றால் என்ன?

ரைட் டு சூஸ் என்பது பணம் கட்டாத வழி. இங்கிலாந்தில், என்எச்எஸ் ஒப்பந்தம் உள்ள வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பும்படி ஜிபியிடம் கேட்கலாம். உங்கள் பகுதி வரிசையைவிட அது குறைவாக இருக்கலாம், இப்போது அங்கும் கூட்டம். பிள்ளையின் வயதை ஏற்பார்களா, மருந்தையும் அவர்களே தொடங்குவார்களா என்று முதலே கேட்டுவிடுங்கள்.

தனியாரிடம் பல இடங்களில் ஆயிரம் பவுண்டைத் தாண்டும். தங்கச் சங்கிலியை அடகு வைத்துப் போன ஒரு தாயை எனக்குத் தெரியும். அறிக்கை கிடைத்தது, ஆனால் அதை வைத்து மருந்து எழுதும் பொறுப்பைப் பகிர அவருடைய ஜிபி மறுத்துவிட்டார். மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆகவே காசு கட்டுமுன் ஜிபியின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். குழந்தை மனநல வைத்தியரோ குழந்தை வைத்தியரோ இதற்கான பயிற்சி பெற்ற வேறு நிபுணரோ செய்தால்தான் செல்லும். அரை மணி நேரக் காணொளி அழைப்பும் ஒரு கேள்வித்தாளும் மதிப்பீடு ஆகாது. எதற்குப் போனாலும் என்எச்எஸ் வரிசையில் உள்ள இடத்தை விடாதீர்கள்.

எல்லாப் பிள்ளைக்கும் இந்தப் பெயரை ஒட்டுகிறார்கள் என்கிறார்களே?

அந்தச் சந்தேகத்திலும் நியாயம் உண்டு. வகுப்பில் வயதில் இளைய பிள்ளைகளுக்கு, இங்கிலாந்தில் ஓகஸ்ட் மாதத்தில் பிறந்தவர்களுக்கு, ஏடிஎச்டி என்று கூறப்படுவது சற்று அதிகம். பல நாடுகளில் இதே போக்கு. கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவனோடு ஒப்பிட்டால் யாரும் சின்னப்பிள்ளைத்தனமாகத்தான் தெரிவார்கள். இதற்காகத்தான் அவசர முத்திரையும் கூடாது, முடிவில்லாத வரிசையும் கூடாது. ஒழுங்கான மதிப்பீட்டில் "இல்லை" என்ற விடை வருவதும் நல்ல விடைதான். இல்லை என்று தெரியவும் இரண்டு வருடம் காத்திருக்கும் பிள்ளை, உண்மையான காரணத்துக்கான உதவியையும் இரண்டு வருடம் இழக்கிறது.

மருந்து கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடுமா?

மந்தமாக இருந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். வைத்தியரிடம் சொன்னால் குறைப்பார்கள். ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைக்கு, சூழலில் மாற்றங்கள் செய்த பின்னும் கணிசமான சிரமம் இருந்தால்தான் மருந்து. முதலில் பெரும்பாலும் மெதில்ஃபெனிடேட். உயரம், நிறை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் ஒழுங்காகப் பார்ப்பார்கள். பசி குறையும். அதனால் மாத்திரைக்கு முன்பே காலையில் முட்டையும் இடியப்பமும், மதியத்தில் கொஞ்சம், மருந்து இறங்கியபின் இரவு ஏழரைக்கு வயிறு நிறையச் சோறு என்று எங்கள் வீட்டு நேரம் மாறியது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மருந்துத் தட்டுப்பாட்டில் நான்கு மருந்தகம் அலைந்திருக்கிறேன். வேண்டாம் என்று முடிவெடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளையையும் கேட்டு எடுங்கள்.

பெயர் பதிவாகிவிட்டால் நாளைக்கு வேலை, கலியாணம்?

வைத்தியப் பதிவை உங்கள் அனுமதி இல்லாமல் வேலை கொடுப்பவர் பார்க்க முடியாது. ஓட்டுநர் உரிமத்துக்கு, ஏடிஎச்டியோ மருந்தோ பாதுகாப்பாக ஓட்டுவதைப் பாதித்தால் மட்டும் அறிவிக்க வேண்டும். கலியாணத்தைப் பற்றி: பத்து வயதுப் பிள்ளையின் கண்ணாடியை, கலியாணச் சந்தையை நினைத்து யாரும் மறைப்பதில்லை. இதையும் அப்படி வையுங்கள்.

மகனுக்கு 15 ஆகிவிட்டது. காலம் கடந்துவிட்டதா?

இல்லை. பதின்ம வயதில் தொடங்கினாலும் சிகிச்சை பலன் தருகிறது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது மருந்தாக இருக்காது. இத்தனை வருடம் சோம்பேறி என்று திட்டிய வாயாலேயே, "எங்களுக்குத் தெரியவில்லை" என்று ஒரு முறை சொல்ல வேண்டும். என் கணவருக்கு அது மிகக் கடினமாக இருந்தது. காரில், வீதியைப் பார்த்தபடி சொன்னார்.

நடைமுறையில் அவசரம் ஒன்று: 18 ஆனதும் சிறுவர் பிரிவிலிருந்து பெரியவர் பிரிவுக்கு மாற்றுவார்கள், சில இடங்களில் காத்திருப்பு மறுபடியும் தொடக்கத்திலிருந்து எண்ணப்படும். அதனால் 16 வயதிலேயே, இவனுடைய இடம் என்ன ஆகும் என்று எழுத்தில் கேளுங்கள். ஜிசிஎஸ்இ வருடம், பள்ளியிலிருந்து இடைநிறுத்தம், தன்னைத் தானே காயப்படுத்துதல் போன்றவை இருந்தால் ஜிபி மூலம் அவசரமாக்கக் கேட்கலாம். உயிராபத்து என்றால் வரிசையைப் பற்றி யோசிக்காமல் 999. மனநல நெருக்கடிக்கு 111.

கடைசியில் அழைப்புக் கடிதம் வந்துவிட்டது. என்ன எடுத்துக்கொண்டு போவது?

வந்த கேள்வித்தாள்களை முதலில் நிரப்பி அனுப்புங்கள். பள்ளிக்கூடத்தின் தாள் போகவில்லை என்பதால் மட்டும் மாதக்கணக்கில் பிந்திய பிள்ளைகள் உண்டு. ஊரில் எழுதிய வளர்ச்சிக் குறிப்பேடு, பழைய பள்ளி அறிக்கைகள் எல்லாம் எடுங்கள். அறிக்கைகளில் "திறமை இருக்கிறது, ஆனால்" என்று வரும் வரிகளை வண்ணப் பேனையால் அடிக்கோடிடுங்கள். தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடமும் நீச்சல் பயிற்றுநரிடமும் நாலு வரி எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வெளியேயும் அறிகுறி தெரிகிறது என்பதற்கான சாட்சி அது. ஒரு வாரம் நடந்தவற்றைத் திகதியோடு குறித்துவையுங்கள். "எப்போதும் இப்படித்தான்" என்பதைவிட "செவ்வாய் காலை, சப்பாத்துப் போட 25 நிமிடம்" என்பது வைத்தியருக்கு உதவும்.

நல்லபடியாகத் தெரிய வேண்டும் என்று வீட்டுக் கதையை மெருகேற்ற வேண்டாம். முதல் சந்திப்பில் நான் அப்படிச் செய்துவிட்டு, பிறகு திரும்பவும் அழைத்துச் சொன்னேன். பிள்ளை அந்த அறையில் நாற்பது நிமிடம் சிலை போல இருந்தாலும் கலங்க வேண்டாம். புது இடம், புது ஆள், அடக்கிக்கொள்ள முடியும். கணினித் திரையில் உருவங்கள் தோன்றும்போது பொத்தானை அழுத்தும் க்யூபி சோதனை ஒன்றும் இருக்கலாம், 6 முதல் 17 வயது வரையானவர்களுக்குத் துணைச் சான்றாக நைஸ் 2024-இல் அதை ஏற்றது. அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் தடுமாற்றம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேளுங்கள், இலவசம். தாயின் அழுகையைப் பிள்ளையே ஆங்கிலத்தில் சொல்லும் நிலைக்கு அவனை விட வேண்டாம். குடிக்கத் தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் எடுங்கள். வாகனத் தரிப்பிடத்துக்கு இருபது நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். இரண்டு வருடமும் ஏழு மாதமும் காத்திருந்துவிட்டு நாங்கள் அன்றைக்கு பதினொரு நிமிடம் பிந்திப் போனோம்.